பின்படி

வாங்க டீச்சர், வாங்க. செருப்பை வெளியவே விட்டுருங்க. சார் ஏன் வெயில்ல பைக்லயே நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லுங்க. வேண்டாமா? சரி விடுங்க, ஆம்பளைங்களுக்கு வீடு பாக்கப் பொறுமை கிடையாது. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். அந்தா, பேப்பருக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு பாருங்க. பேப்பர் ஆடுச்சுன்னா ஆள் முழிச்சிருக்காருன்னு அர்த்தம்.

போர்ஷன் மாடியில. ரெண்டு ரூம், ஒரு கிச்சன், உள்ளயே பாத்ரூம். சாவி தர்றேன், நீங்களே ஏறிப் பாத்துட்டு வாங்க. எனக்கு முட்டி ஒத்துக்காது. மொதல்ல இந்த மோரைக் குடிங்க. எந்த ஸ்கூல்னு சொன்னீங்க? பாலத்துக்கு அந்தாண்ட இருக்கே, அதுவா? அடடே, நல்லதாப் போச்சு. இல்ல, ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்.

நான் வாடகைக்கு வர்றவங்களை நோண்டி நோண்டிக் கேக்கிற ஆள் இல்ல டீச்சர். நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டனா? சைவமா அசைவமான்னு கேட்டனா? கேக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் மீன் வறுக்காம இருந்தாப் போதும். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. மோட்டார் நான்தான் போடுவேன். அவ்வளவுதான் கண்டிஷன். இன்னொண்ணு இருக்கு. அதைக் கண்டிஷன்னு சொல்ல முடியாது, இந்த வீட்டு முறை.

இந்த வீட்டுக்கு ரெண்டு படி. வாசல் பக்கம் டைல்ஸ் ஒட்டின படி பாத்தீங்கள்ல, அது முன்படி. எங்க பூஜை ரூம் ஜன்னலை ஒட்டித்தான் மேல போகும். கொல்லைப் பக்கம் இரும்புல ஒண்ணு இருக்கு, சுத்திச் சுத்தி ஏறும். அது பின்படி. மத்த நாளெல்லாம் நீங்க முன்படியில ராஜாத்தியாட்டம் ஏறிக்கங்க, இறங்கிக்கங்க. வீட்டுக்குத் தூரமா இருக்கிற அந்த மூணு நாள் மட்டும் பின்படி. அவ்வளவுதான். என்கிட்ட வந்து சொல்லக்கூட வேண்டாம். பின்படியில சத்தம் கேட்டா நானே தெரிஞ்சுக்குவேன்.

என்னடா இதுன்னு பாக்காதீங்க. எல்லாரும் இருந்துட்டுப் போனாங்க. முன்ன ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு, தங்கமான பொண்ணு. பின்சந்துல டீக்கடை வச்சிருக்கான் பாண்டின்னு ஒருத்தன், அவன் கடைக்கு நேரா அந்தப் படி. ஒரு தடவை அவனே என்னைக் கேக்கிறான், "என்னக்கா, இந்த மாசம் நர்ஸம்மா இன்னும் பின்னாடி ஏறலையே, ஊருக்குப் போயிட்டாங்களா?"ன்னு. அவ்வளவு அக்கறை. நல்ல ஏரியா டீச்சர். பொண்ணுங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பு.

நான் ஏறாத படியா? அந்த மாடி ரூமே எனக்காகக் கட்டினதுதான். நான் கல்யாணமாகி வந்தப்ப மேல வெறும் மொட்டை மாடி. என் மாமனார்தான் மருமக மூணு நாள் உக்கார ஒரு இடம் வேணும்னு ரூமைக் கட்டி, வீட்டுக்குள்ள வராமப் போகட்டும்னு இரும்புப் படியையும் வச்சாரு. அந்தக் காலத்துல எந்த மாமனார் மருமகளுக்குத் தனி ரூம் கட்டிக் குடுத்தாரு, சொல்லுங்க? என் பையன் திருமலை கைக்குழந்தையா இருந்தப்ப, நல்ல ஐப்பசி மழை. சோத்துத் தட்டை எடுக்க இறங்குறேன், சர்ருன்னு வழுக்கி விட்டுருச்சு. கீழ வரைக்கும் உருண்டேன். அன்னைக்குப் போன முட்டிதான் இது. யாரும் தொட்டுத் தூக்கலை. எப்படித் தூக்குவாங்க, நான் தூரமால்ல இருந்தேன்? இவருதான் குடையைப் பிடிச்சுக்கிட்டு எட்ட நின்னு, "எந்திரி வள்ளி, எந்திரி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானே எந்திரிக்கிற வரைக்கும் அங்கயே நின்னாரு. பாசமான மனுசன்.

அப்புறம் எனக்கும் நின்னு போச்சு. அந்த ரூமை இழுத்துக் கட்டிப் போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டுட்டோம்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடி ஒருத்தி வந்தா பாருங்க, இளவரசின்னு. பேரே இளவரசி. உங்க ஸ்கூல்லதான் கணக்கு டீச்சர். தெரியுமா? இப்பத்தான் சேர்ந்திருக்கீங்க, தெரிஞ்சிருக்காது. ஒல்லியா, கண்ணாடி போட்டு, வேக வேகமா நடப்பா. வீட்டுக்காரன் மருந்துக் கம்பெனியில வேலை, பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டான். கல்யாணமாகி நாலு வருசம், புள்ளை இல்ல. நான் கேக்கலை, அவ மாமியாரே சொன்னாங்க. சாமான் ஏத்த வந்தப்ப அவங்க நம்பர் வாங்கி வச்சிருந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

அவகிட்டயும் இந்தப் படி விசயத்தைச் சொன்னேன். உங்களை மாதிரியேதான் ஒரு பார்வை பாத்தா. "எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான் ஆன்ட்டி"ன்னா. அடக்கமான பொண்ணு, எதையும் பெரிசு பண்ணாதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

இப்ப திருமலை கதைக்கு வரணும். டைல்ஸ் ஷோரூம்ல மேனேஜர். குணத்துல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா முப்பத்தாறு வயசாகியும் ஒரு வரன் தகையலை. பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க, கேசரி சாப்பிடுவாங்க, ஃபோன் பண்றோம்னு போவாங்க, போனவங்க போனவங்கதான். நான் கேசரி கிண்டிக் கிண்டியே கை ஓஞ்சு போனேன். தெருவுல யாராவது பத்திரிகை நீட்டினா எனக்கு வயிறு எரியும். அப்பத்தான் குறி சொல்ற அம்மா ஒருத்தங்க சொன்னாங்க: ஒன்பது வெள்ளிக்கிழமை, ஒண்ணுகூட விடாம, மாரியாத்தாளுக்கு மாவிளக்கு போடணும். ஒரே சுமங்கலியோட கை. நடுவுல ஒரு வெள்ளி தவறினாலும் மறுபடி மொதல்ல இருந்து.

நானே போடலாம், சுமங்கலிதான். ஆனா கீழ உக்காந்து மாவு பிசையணுமே, இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க உக்காருறது? என் நாத்தனாவைக் கேட்டேன். மூணாவது வெள்ளிக்கிழமை தூரமாகிட்டா. மறுபடி ஆரம்பிச்சோம். இந்தத் தடவை தள்ளிப்போற மாத்திரையெல்லாம் வாங்கிக் குடுத்தேன். அஞ்சாவது வெள்ளி வரை தள்ளினா. அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க, நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில சேத்து ரத்தம் ஏத்துற அளவுக்கு ஆகிப் போச்சு. என் வெள்ளிக்கிழமையைக் கெடுத்துட்டா. பக்கத்து வீட்டுக் காந்திமதியக்காளுக்கு நின்னு போச்சு, வீட்டுக்காரரும் இருக்காரு, ரொம்பப் பொருத்தம். ஆனா அந்தச் சமயம் பாத்து மக பிரசவம்னு கோயம்புத்தூர் போயிட்டாங்க.

வேற வழியில்லாமத்தான் இளவரசியைக் கேட்டேன். "எனக்குச் செய்யத் தெரியாது, சொல்லிக் குடுங்க, செய்யறேன்"னா. சொல்லிக் குடுத்தேன். பச்சரிசியை ஊறப்போட்டு, நிழல்ல உலத்தி, மிக்ஸியில அரைச்சுச் சலிச்சு, வெல்லம் போட்டுப் பிசைஞ்சு, நடுவுல குழி பண்ணி நெய் ஊத்தி ஏத்தணும். டீச்சர், பொய் சொல்லக் கூடாது. அவ பிடிச்ச விளக்கு மாதிரி நான் பாத்ததே இல்ல. வெடிப்பு கிடையாது, நெய் கசியாது, சுடர் அப்படியே நிமிந்து நிக்கும். பூசாரியே கேட்டாரு, யாரும்மா கைன்னு.

மொத வெள்ளி, ரெண்டாவது வெள்ளி, மூணாவது வெள்ளி. ஒண்ணும் தவறலை. வியாழக்கிழமை ராத்திரியானா காதைத் தீட்டி வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன், பின்படியில சத்தம் கேக்குதான்னு. கேக்காது. ஒரு மாசம் ஆச்சு, ஏறலை. ரெண்டாவது மாசமும் ஏறலை. பாண்டியைக்கூடக் கேட்டேன். "இல்லக்கா, அந்தம்மா இந்தப் பக்கமே தலை காட்டலை"ன்னான். தலைக்கு ஊத்துறதை வச்சாவது கண்டுபிடிக்கலாம்னு பாத்தா, அவ தினமும் தலைக்குக் குளிக்கிறவ. குப்பைக்கூடையைக்கூடப் பாத்தேன், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணும் இல்ல. மொட்டை மாடியில ஒரு தடவை சின்னதா ரப்பர் கிண்ணம் ஒண்ணு கழுவிக் காய வச்சிருந்தா, மணி மாதிரி. அழகா இருந்துச்சு. நெய் அளக்க நல்லா இருக்குமேன்னு கையில எடுத்துக் கேட்டேன். "வேண்டாம் ஆன்ட்டி, அது என்னோடது"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. அது எதுக்குன்னு ரொம்ப நாள் கழிச்சு என் மருமகதான் சொன்னா. பொம்பளைங்க துணிக்குப் பதிலா அதை உள்ள வச்சுக்குவாங்களாம். கருமம்! மூணு நாள் நான் அந்தக் கையால சோறு திங்கலை, ஸ்பூன்லதான் தின்னேன்.

அப்ப எனக்கு எங்க தெரியும்? பின்படி ஏறலை, தூரமாகலை, அப்ப என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. முழுகாம இருக்கான்னு முடிவே பண்ணிட்டேன். ஆத்தா மாவிளக்கு போட்டவளுக்கும் ஒரு வழி காட்டிட்டாள்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருக்கா, நாம சொல்ல வேண்டியதுதானேன்னு தெருவுல நாலு பேருக்குச் சொன்னேன். அவ மாமியாருக்கும் ஃபோன் போட்டேன். அந்தம்மா ஃபோன்லயே அழுதுட்டாங்க. நானும் அழுதேன். "அவகிட்டக் கேட்டுடாதீங்க, ஒன்பதாவது வெள்ளிக்கு நேர்ல வாங்க, எல்லாரும் சேந்து சொல்லுவோம்"னு நான்தான் சொன்னேன்.

இதுக்கு நடுவுல ஏழாவது வெள்ளி முடிஞ்ச மறுநாளே வரன் வந்துருச்சு. சுகந்தின்னு பொண்ணு, கம்ப்யூட்டர் வேலை, வீட்டுல இருந்தே பாக்குறா. கேசரி சாப்பிட்டுட்டு, அங்கயே தட்டை மாத்திக்கலாம்னாங்க! ஒன்பதாவது வெள்ளி சாயங்காலமே நிச்சயம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

அன்னைக்குக் காலையில பூஜை ரூம் நிறைய பொம்பளைங்க. இளவரசி கீழ உக்காந்து மாவு பிசையுறா. அவ மாமியார் போடியில இருந்து மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்து, ஒரு கூடை பலகாரமும் கண்ணாடி வளையலுமா நிக்கிறாங்க. என்ன அத்தை, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்கன்னு அவ கேக்க, நான் வளையலை வாங்கி அவ முன்னாடி வச்சேன். "எங்களுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு கண்ணு, இனி மறைக்காதே"ன்னேன்.

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"மூணு மாசமா நீ ஒரு தடவைகூடப் பின்படியில ஏறலையே. எனக்குத் தெரியாதா?"

அவ என்னைப் பாத்தா. வளையலைப் பாத்தா. அவ மாமியாரைப் பாத்தா. மாவுல இருந்து கையை எடுக்கவே இல்ல.

"ஆன்ட்டி, நான் என்னைக்குமே பின்படியில ஏற மாட்டேன். வந்தன்னைக்கே சொன்னேன்ல, எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்னு. போன மாசமும் வந்துச்சு, அதுக்கு முந்தின மாசமும் வந்துச்சு. இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்."

பூஜை ரூம் டீச்சர்! சாமி படம்! மாவு அவ கையில! அந்தப் பொம்பளைங்க எல்லாம் சேலையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுச் செவுத்தோட ஒட்டிக்கிட்டாங்க. ஒருத்தி வாசலுக்கே போயிட்டா. மூணு மாசமா என் வீட்டு நடு ஹால்ல நடந்திருக்கா, என் பூஜை ரூம்ல உக்காந்திருக்கா, என் கையால காபி வாங்கிக் குடிச்சிருக்கா! என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாருங்க.

அவ மாமியாராவது நாலு வார்த்தை வைவாங்கன்னு பாத்தேன். அந்தம்மா அப்படியே கீழ உக்காந்துட்டாங்க. கண்ணுல தண்ணி. பேரப்புள்ளை இல்லைங்கிற ஏக்கம், பாவம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏங்க, உங்க படியைப் பாத்துக்கிட்டா எனக்கு ஃபோன் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. என்னைப் பாத்து! நல்லது நினைச்ச என்னைப் பாத்து! கேட்டுட்டு, அந்த வளையலை எடுத்து மருமக கையைப் பிடிச்சு, மாவு ஒட்டியிருக்கு, அதோடயே போட்டு விடுறாங்க. "புள்ளைக்கா வாங்கினேன்? உனக்குத்தான் வாங்கினேன்"ங்கிறாங்க. அப்பத்தான் அந்தக் கல்நெஞ்சுக்காரி அழுதா. தூரமா இருக்கிறவ கையைத் தொட்டு வளையல் போடுற மாமியாரை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். போடிப் பக்கம் இதெல்லாம் கிடையாது போல.

இப்ப என் நிலைமையை யோசிங்க. ஒன்பதாவது வெள்ளி. மாவு பாதியில நிக்குது. சாயங்காலம் நிச்சயம். விளக்கு போடலைன்னா மறுபடி மொதல்ல இருந்து. அவ எந்திரிக்கப் போனா. "நான் போயிடறேன் ஆன்ட்டி, நீங்க வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்கங்க"ன்னா. வேற யாரை வைக்கிறது? ஒரே கைன்னு சொல்லியிருக்கே! எனக்கு என் புள்ளை மூஞ்சிதான் தெரிஞ்சுது.

"உக்காருடி"ன்னேன். "ஏத்து."

ஏத்தினா. அன்னைக்குப் பாத்து அந்தச் சுடர் என்னமா எரிஞ்சுதுங்கிறீங்க! மலையேறவே இல்ல, அவ்வளவு நேரம் நின்னு எரிஞ்சுது. சாயங்காலம் நிச்சயம் அமோகமா நடந்துச்சு. ஆத்தா மன்னிச்சுட்டாள், தெரியாம நடந்ததுதானே.

என்னங்க, பேப்பரை ஆட்டுறீங்க? "கடைசி விளக்குக்குத் தெரிஞ்சுதானே நீயே நெய் ஊத்தினே"ங்கிறாரு டீச்சர். இத்தனை நேரம் வாயைத் திறக்காம இருந்துட்டு இதுக்கு மட்டும் திறக்கிறாரு. நீங்க பேப்பரைப் படிங்க.

திங்கக்கிழமையே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். வரன் வந்தது வேற, முறைன்னு ஒண்ணு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. அவ போறப்பவும் முன்படியிலதான் சாமானை இறக்கினா, திமிரு. வீட்டைச் சும்மா விடலை, ஹோமம் பண்ணினேன். அந்த விளக்கால வந்த வரனை என்ன பண்றதுன்னு கோயம்புத்தூர்ல இருந்து வந்த காந்திமதியக்கா ஒரு மாதிரி கேட்டாங்க. வந்த மகாலட்சுமியை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?

மகாலட்சுமிதான். ஒரே ஒரு குறை. கல்யாணமாகி ரெண்டு வருசம் முடிஞ்சு போச்சு, வயித்துல ஒண்ணும் இல்ல. எப்படி இருக்கும்? வந்த புதுசுல வீட்டு முறையைச் சொன்னேன். அவ மூஞ்சியைத் தூக்குவான்னு பாத்தா, "சரிங்கத்தை"ன்னு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. மூணு நாள் அஞ்சு நாளாச்சு. அஞ்சு நாள் ஏழாச்சு. இப்ப மாசத்துல ரெண்டு தடவை வருதுங்கிறா! விருந்தாளி வந்தா வருது. ஆடி வந்தா வருது. கிரைண்டர் ரிப்பேர்னா வருது. மேல ஏ.சி. மாட்டிக்கிட்டா. பேப்பருக்குப் பின்னாடி இருக்காரே, இந்த மாமனார்தான் தூக்குவாளியில சோறு கொண்டு போறாரு. பொய்யுன்னு எப்படிங்க சொல்றது? குப்பைக்கூடையைப் பாத்துட்டுச் சொல்லட்டுமான்னா, என் மகன் சண்டைக்கு வர்றான்.

அதுக்குத்தான் போர்ஷனை வாடகைக்கு விட்டுரலாம்னு இறங்கிட்டேன். ஆள் குடி வந்துட்டா எங்க போய் உக்காருவா? கீழயே ஒரு ஓரமா இருக்கட்டும். சமையக்கட்டுக்கு வந்தாலும் தப்பில்ல. சின்னஞ்சிறுசுக, எல்லாத்தையும் போட்டு இறுக்கிப் பிடிக்க முடியுமா? காலம் மாறிப் போச்சுல்ல.

பேரன் பேத்திக்காக மறுபடி ஒன்பது வெள்ளி வேண்டிக்கிட்டேன் டீச்சர். இந்தத் தடவை காந்திமதியக்கா ஊர்லயே இருந்தாங்க, சுத்தமான கைன்னு அவங்களை உக்கார வச்சேன். மொத வெள்ளி விளக்கு வெடிச்சுப் போச்சு. ரெண்டாவது வெள்ளி நெய்யெல்லாம் தட்டுல. மூணாவது வெள்ளி பூசாரி கற்பூரம் காட்டுறதுக்குள்ள மலையேறிடுச்சு. "முன்ன ஒரு கை போட்டுச்சே, அது எங்கம்மா?"ன்னு பூசாரியே கேக்குறாரு.

அதான் உங்க ஸ்கூல் பேரைக் கேட்டதும் நல்லதாப் போச்சுன்னேன். என் ஃபோனை அவ எடுக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வந்துட்டுப் போனாப் போதும். பழசையெல்லாம் நான் மனசுல வச்சுக்கலைன்னு சொல்லுங்க. எந்தப் படியில வேணா வரட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவளும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மட்டும் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க, அது போதும்.

என்ன டீச்சர், மோரை அப்படியே வச்சிருக்கீங்க? எந்திரிச்சுட்டீங்களா? சரி, சாவி இந்தாங்க, ஏறிப் பாத்துட்டு வாங்க. குடி வர்றதா இருந்தா உங்களுக்கு அந்த மூணு நாள் பின்படி, அதை மறந்துராதீங்க. மழை நாள்ல கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. விழுந்தா நாங்க யாரும் தூக்க வர முடியாது.